உள்ளே போட்டால் திருந்திவிடுவானா?

"ஆறு மாதம் உள்ளே போடுங்கள். தங்கமாகத் திரும்பி வருவான்."

கல்யாணப் பந்தியிலும் டீக்கடை பெஞ்சிலும் இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. கேட்டுக்கொண்டிருப்பவரின் மகனுக்கு இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். பி.இ.யில் ஏழெட்டு அரியர் வைத்திருப்பான், அல்லது எல்லாம் முடித்தும் வேலை கிடைக்காமல் இருப்பான். குடிப்பான், இல்லையென்றால் கஞ்சா, இரண்டும் இல்லையென்றால் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு விடிய விடிய மொபைலில் விளையாடுவான். அப்பாவும் அவனும் முகம் பார்த்துப் பேசி மாதக்கணக்காகியிருக்கும். முன்பெல்லாம் இந்தப் பையன்களுக்கு நம் ஊரில் சொன்ன மருந்து, "ஒரு கால்கட்டு போட்டுவிடு". யாரோ ஒரு வீட்டுப் பெண்ணைப் பலி கொடுத்துச் செய்த அந்த வைத்தியத்தின் லட்சணம் தெரிந்துபோன பிறகு, இப்போது 'ஹோம்' வந்திருக்கிறது. மறுவாழ்வு மையம், ரீஹேப், சென்டர் என்று பெயர்கள் பல; நம்பிக்கை ஒன்றுதான். பையனுக்குள் ஏதோ பழுது. வீட்டிலிருந்து பிரித்துக் கொஞ்ச நாள் ஓரிடத்தில் வைத்தால் சரிசெய்து திருப்பித் தருவார்கள். மிக்ஸியை சர்வீசுக்குக் கொடுக்கிற மாதிரி.

இந்த நம்பிக்கை தவறு என்பதே என் கட்சி. தங்கிச் சிகிச்சை பெறுவதே கூடாது என்று வாதாட வரவில்லை. அதற்கென்று ஓர் இடம் உண்டு, சின்ன இடம். ஆனால் ஒருவனைப் பூட்டி வைத்து வளர்ந்த ஆளாக ஆக்கிவிட முடியும் என்பதை மறுக்கிறேன். மறுக்க எனக்கென்ன தகுதி என்றால், அப்படி ஒரு வேனுக்குப் பணம் போட்டவர்களில் நானும் ஒருவன்.

என் அக்கா மகன். அப்போது அவனுக்கு 22 வயது. விடிகாலை நாலரை மணிக்கு வருகிறோம், வாசல் கதவைத் திறந்து வையுங்கள், லைட் போடாதீர்கள் என்று போனில் சொல்லியிருந்தார்கள். 'பிக்கப்' என்று அதற்குப் பெயர், தனிக் கட்டணம். நாலு பேர் வந்தார்கள். லுங்கியோடு தூங்கிக்கொண்டிருந்தவனை இரண்டு பேர் தோளையும் இரண்டு பேர் காலையும் பிடித்துத் தூக்கினார்கள். அவன் கத்துவான் என்று நினைத்தோம். கத்தவில்லை. வேனில் ஏற்றும்போது என் பக்கம் திரும்பி, "மாமா, கண்ணாடி" என்றான். அவனுக்கு மைனஸ் நாலரை பவர். அக்கா உள்ளே ஓடிப்போய் எடுத்து வருவதற்குள் வேன் கதவைச் சாத்திவிட்டார்கள். "அப்புறம் கொடுத்துக்கலாம்மா" என்றார் டிரைவர் சீட்டில் இருந்தவர். நாற்பது நாள் கழித்துத்தான் பார்க்க விட்டார்கள். அதுவரை அந்தக் கண்ணாடி எங்களிடமே இருந்தது. மொட்டைத் தலையோடு வந்து நின்றவன், பத்தடி தள்ளி நிற்பது அம்மாவா வேறு யாராவதா என்று தெரியாமல் கண்ணை இடுக்கிப் பார்த்தான்.

நாலு மாதம் இருந்தான். சதை போட்டுத் திரும்பி வந்தான். "சரிங்க", "ஆமாங்க" என்று பேசினான். தெருவே மெச்சியது. பதினோராம் நாள் குடித்தான்.

"சரியான சென்டராகப் பார்த்துப் போடவில்லை" என்றார் ஒருவர். "நாலு மாதம் போதாது, எட்டு மாதம் போட்டிருக்க வேண்டும்" என்றார் இன்னொருவர். இந்த நம்பிக்கையைத் தோற்கடிக்கவே முடியாது, கவனியுங்கள். பையன் தேறினால் அது மையத்தின் வெற்றி. மறுபடி குடித்தால் பையனின் குற்றம். இப்படி எந்தப் பக்கம் விழுந்தாலும் தலையே விழுகிற காசைச் சிகிச்சை என்று ஒப்புக்கொள்ளலாமா?

இடம் மாறினால் ஆள் மாறுவான் என்பதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மை ஹோமுக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது. வியட்நாம் போரிலிருந்து 1971 செப்டம்பரில் ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தேடிப்பிடித்து விசாரித்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையாக இருந்தவர். ஊர் வந்த முதல் வருடத்தில் அவர்களில் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். விமானம் ஏறுமுன் சிறுநீர்ச் சோதனை நடந்தது, அதில் மாட்டியவர்களுக்குக் கொஞ்ச நாள் மருத்துவம் பார்த்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு அதற்குமேல் எந்தச் சிகிச்சையும் இல்லை. இதே அமெரிக்காவில், கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில், 1935இல் திறந்த அரசு மருத்துவமனை ஒன்று இருந்தது. பண்ணை, மாடு, காற்று, வேலை என்று ஒரு குறையும் இல்லாத இடம். அங்கிருந்து நியூயார்க்கில் தங்கள் பழைய தெருவுக்கே திரும்பியவர்களில் மிகப் பெரும்பாலோர் மறுபடி ஊசியை எடுத்தார்கள். சிப்பாய் போதை இருந்த இடத்தை ஒரேயடியாக விட்டுவிட்டு வந்தான். லெக்சிங்டன்காரன் போதை இல்லாத இடத்திலிருந்து போதை இருந்த இடத்துக்குத் திரும்பினான். நம் பையன் எந்த வண்டியில் வருகிறான்? எங்கள் ஊரில் பஸ் ஸ்டாண்டிலிருந்து அக்கா வீட்டுக்கு நடந்தால் வழியில் இரண்டு டாஸ்மாக். 2003இலிருந்து சில்லறை மது விற்பனையை அரசே நடத்துகிறது. 21 வயது ஆகாதவனுக்கு விற்கக் கூடாது என்று சட்டம். கடைக்காரர் யாருடைய வயதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இன்னொரு ஆய்வு, லண்டனில் நடந்தது, 1977இல் வெளியானது. கிரிஃபித் எட்வர்ட்ஸ், ஜிம் ஆர்ஃபோர்ட் இருவரும் குடிக்கு அடிமையான, மணமான 100 ஆண்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மாதக்கணக்கில் முழுச் சிகிச்சை, தேவைப்பட்டால் வார்டில் சேர்ப்பது உட்பட. மற்றப் பிரிவில் கணவன் மனைவி இருவரையும் ஒருமுறை உட்கார வைத்து, குடியை விடுவது உங்கள் கையில்தான் இருக்கிறது என்று விளக்கமாகப் பேசி அனுப்பியதோடு சரி. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சிகிச்சையே வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவர்களுக்கு மனைவியும் வீடும் இருந்தனவே, அதனால்தான் என்று நீங்கள் சொல்லலாம். அதையேதான் நானும் சொல்கிறேன். தாங்கிப் பிடித்தது வார்டுக்கு வெளியே இருந்தது.

சரி, ஒரு ஹோமுக்குள் என்ன நடக்கிறது? அடி உதை நடக்கும் இடங்களை விடுங்கள். நல்ல ஹோம் என்றே வைத்துக்கொள்வோம். ஐந்தரைக்கு மணி அடிக்கும். எழ வேண்டும். பிரார்த்தனை, யோகா, டிபன், வகுப்பு, சாப்பாடு, மறுபடி வகுப்பு, ஒரு மணி நேரம் டி.வி., ஒன்பதரைக்கு விளக்கணைப்பு. சோறு தட்டில் வந்துவிடும். கையில் காசு கிடையாது, போன் கிடையாது. ஒரு நாளில் ஒரு முடிவைக்கூட அவன் எடுப்பதில்லை. எந்தச் சட்டை போடுவது என்பதைக்கூட. நூற்றிருபது நாள் இப்படி இருந்தவனுக்கு என்ன பழகும்? கீழ்ப்படியப் பழகும். அவன் அப்பாவுக்கு வேண்டியதும் அதுதான், ஒளிக்காமல் பேசுவோம். ஆனால் கீழ்ப்படிவது குழந்தைக்கு அழகு. இருபத்திரண்டு வயதுக்காரனிடம் இல்லாதது வேறு. சனிக்கிழமை சாயங்காலம் பையில் 500 ரூபாய் இருக்கும்போது என்ன செய்வது, பைக்கில் வந்து ஹாரன் அடிக்கும் கூட்டாளியிடம் 'வரலைடா' என்று எப்படிச் சொல்வது, ஒரு வேலையும் இல்லாத மத்தியானம் நாலு மணியை எப்படிக் கடப்பது. பணமும் கூட்டாளியும் அந்த நாலு மணியும் இல்லாத இடத்தில் இதையெல்லாம் எப்படிப் பழகுவான்? கரையில் உட்கார வைத்து நீச்சல் சொல்லிக்கொடுத்து, நாலாம் மாதம் கிணற்றில் தள்ளிவிடுகிறோம்.

கிணறும் அதே கிணறுதான். அவன் உள்ளே இருந்த நாலு மாதமும் எங்களிடம் பேசியவர் கேஷியர் ஒருவர்தான், அதுவும் ஒன்றாம் தேதி. இவனோடு எப்படிப் பேசுவது, எதைக் கண்டுகொள்வது, எதை விடுவது என்று யாரும் எங்களை உட்கார வைத்துச் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. பழுது அவனிடம்தானே! திரும்பி வந்தவனை வாசலிலேயே நிறுத்தி, "ஊது, பார்ப்போம்" என்பார் மச்சான். அக்கா மணிபர்சை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைப்பாள், சோறு வடிக்கும்போதெல்லாம் அது இருக்கிறதா என்று கைவிட்டுத் துழாவுவாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவான்.

மொட்டைக்கு வருகிறேன். அது ஒழுக்கத்துக்கு, பேனுக்கு, சுத்தத்துக்கு என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 என்று ஒன்று இருக்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்தது. மது, போதைப் பழக்கத்தோடு தொடர்புள்ள மனநிலைகளும் அதன் வரையறைக்குள் வரும் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். அதன் 20ஆம் பிரிவை எல்லாப் பெற்றோரும் ஒருமுறை வாசிக்க வேண்டும். கட்டாயப்படுத்தித் தலையை மழிக்கக் கூடாது. விரும்பினால் தன் சொந்த உடையை உடுத்த விட வேண்டும், சீருடையைத் திணிக்கக் கூடாது. வேலை வாங்குவதற்கு வற்புறுத்தக் கூடாது. விரும்பிச் செய்தால் கூலி கொடுக்க வேண்டும். சங்கிலி எந்த உருவத்திலும் கூடாது என்பது 95ஆம் பிரிவு. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடிகாலை ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் செத்த மாநிலம் இது.

வயது வந்த ஒருவனை அவன் விருப்பமில்லாமல் சேர்க்கவும் அந்தச் சட்டத்தில் வழி உண்டு, 89ஆம் பிரிவு. தனக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடியாத நிலை என்று ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ, தனித்தனியாகச் சோதித்துச் சொல்ல வேண்டும். 30 நாளுக்கு மேல் இந்தப் பிரிவில் வைக்க முடியாது. சேர்த்த ஏழு நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். முப்பது நாளைத் தாண்ட வேண்டுமென்றால் இரண்டு மனநல மருத்துவர்களும் வாரியமும் ஒப்ப வேண்டும். எங்கள் வேனில் வந்த நாலு பேரில் யார் மனநல மருத்துவர்? எங்களை யாரும் ஏமாற்றவில்லை, நாங்கள் கேட்கவே இல்லை. இதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. ஊரார் ஒழுக்கம், பண்பாடு, வேலை பற்றி வைத்திருக்கும் எண்ணங்களுக்கு ஒத்துவராதது மட்டும் மனநோய் ஆகாது. வேலைக்குப் போகாதவன், அரியரை முடிக்காதவன், வேறு சாதிப் பெண்ணிடம் மனதைக் கொடுத்தவன், இவர்களையெல்லாம் 'அடிக்ட்' என்று எழுதி உள்ளே தள்ளுகிற வீடுகள் இருக்கின்றன. எனக்கே இரண்டு தெரியும்.

'அடியாத மாடு படியாது' கட்சிக்காரர்களுக்கு ஒரு கதை. ஒருவனை நடுவில் உட்கார வைத்து, சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் மாறி மாறித் திட்டி அவனை 'உடைப்பதை' ஒரு சிகிச்சை முறையாகவே ஆக்கியது கலிஃபோர்னியாவில் 1958இல் சார்லஸ் டெடரிக் தொடங்கிய சினனான் என்ற மறுவாழ்வு இல்லம். அவர் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸில் இருந்து வந்தவர். குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றைத் தவிர வேறு எந்தத் தகுதியும் கேட்காத அந்த அமைப்பின் பன்னிரண்டு படிகளை, விருப்பமே கேட்காமல் பிடித்து வந்தவர்களுக்கு நம் ஹோம்களில் பூட்டிய அறைக்குள் பாடம் எடுப்பது தனி வேடிக்கை. இருக்கட்டும். சினனானை அன்று பத்திரிகைகள் கொண்டாடின. அமெரிக்காவில் பின்னால் முளைத்த 'முரட்டுப் பிள்ளை' பள்ளிகள் பலவற்றுக்கு அதுதான் மூதாதை. 1978 அக்டோபரில், சினனானுக்கு எதிராக வழக்கு நடத்திய வக்கீலின் தபால் பெட்டிக்குள் அதன் ஆட்கள் விஷப்பாம்பைப் போட்டார்கள். அவரைக் கடித்தது, பிழைத்துக்கொண்டார். அந்த வழக்கில் டெடரிக்கைக் கைது செய்யப் போனபோது அவர் நிதானமே இல்லாத போதையில் இருந்தார்.

உள்ளே சேர்க்க வேண்டிய நேரம் ஒன்று உண்டு என்றேனே, அது மருத்துவ நேரம். வருடக்கணக்கில் தினமும் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சித்தம் கலங்கி, சுவரில் பூச்சி ஊர்கிறது என்பான். உயிரே போகலாம். அப்போது அவனுக்கு வேண்டியது மருந்தும் தயமின் ஊசியும் நாடி பார்க்க ஒரு நர்சும். அப்படிப்பட்டவனை டாக்டர் இல்லாத வீட்டில் பூட்டி, 'ரெண்டு நாள் ஆடுவான், அப்புறம் அடங்கிடுவான்' என்று விடுவது கொலைக்குப் பக்கத்தில் போகிற காரியம். தற்கொலை முயற்சி, கத்தியை எடுத்தல், குரல் கேட்டல் இவற்றுக்கும் மருத்துவமனைப் படுக்கை வேண்டும். பெரும்பாலும் அது நாளும் வாரமுமான கணக்கு, ஆறு மாதக் கணக்கு அல்ல. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போடும் பையன்கள் விஷயத்தில் நீண்ட பூட்டு தனி ஆபத்து. மாதக்கணக்கில் விட்டிருந்த உடம்புக்குப் பழைய தாங்குதிறன் இருக்காது. வெளியே வந்த வாரத்தில் பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடும். 'சுத்தமாகி' வந்த பையன் செத்தான் என்று கேள்விப்பட்டால், விதி என்று மட்டும் நினைக்காதீர்கள்.

இனி பெற்றோரின் வாதம். இதை மட்டும் என்னால் லேசாக ஒதுக்க முடியவில்லை. "நீங்கள் எழுதிவிட்டுப் போவீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு டி.வி.யை உடைக்கிறவனோடு இருப்பது நாங்கள். தாலிச் செயினை விற்றவனை வீட்டில் வைத்துக் கொஞ்சச் சொல்கிறீர்களா?" என் அக்காவும் இதையேதான் கேட்டாள். நாலு மாதம் அவள் நிம்மதியாகத் தூங்கினாள் என்பது உண்மை. களைத்துப்போன தாய்க்கு ஓய்வு வேண்டும்; அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஓய்வுக்கு மகனின் சிகிச்சை என்று பெயர் வைப்பதைத்தான் மறுக்கிறேன். அக்காவுக்குத் தேவைப்பட்டது அந்த இரண்டு மணிக்குக் கூப்பிட ஓர் ஆளும், போய்ப் பார்க்க ஒரு டாக்டரும். அது இல்லாத வெற்றிடத்தில்தான் வேன் வந்து நின்றது. எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வுப்படி, குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு உதவி கிடைத்திருக்கிறது. உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேரில் ஒருவர். படுக்கை போதவில்லை, இன்னும் ஹோம் கட்டுங்கள் என்று இதற்கு அர்த்தம் சொல்கிறார்கள். எனக்கு முதல் எண்தான் உறைக்கிறது. மீதி 37 பேரை ஒரு டாக்டர் ஒருமுறைகூட உட்கார வைத்துப் பேசவில்லை.

வேறு வழியே இல்லை என்பதும் சரியல்ல. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை தங்கிச் சிகிச்சை தரும் இடம்தான். ஆனால் அங்கே குடும்பத்துக்கும் சேர்த்தே சிகிச்சை. அதைவிட முக்கியமாக, குடிக்கிறவர்களைச் சென்னைக்கு அள்ளிக்கொண்டு வராமல், மஞ்சக்குடி என்ற கிராமத்துக்கே போய் முகாம் போட்டார்கள். ஊர்க்காரர்களை வைத்தே நடத்தினார்கள். அந்த அனுபவத்தை 1994இல் அடிக்‌ஷன் என்ற ஆய்விதழில் எழுதினார் சாந்தி ரங்கநாதன். குடித்த ஊரிலேயே, குடித்ததைப் பார்த்தவர்கள் கண்முன்னாலேயே விட வேண்டும் என்பது எவ்வளவு எளிய புத்தி! முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. நமக்கு வேன்தான் பிடித்திருக்கிறது.

அக்கா மகன் பிறகு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவனே வந்தான், என்னோடு, டவுன் பஸ்ஸில். மாத்திரை, வாரம் ஒருமுறை பேச்சு. மூன்றாம் வாரம் அந்த டாக்டர் அக்காவையும் மச்சானையும் வரச்சொல்லி, வாசலில் ஊதச் சொல்வதை நிறுத்தச் சொன்னார். மச்சானுக்குக் கோபம், இரண்டு வாரம் வரவில்லை. அப்புறம் வந்தார். டூவீலர் உதிரிபாகக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். இரண்டு வருடத்தில் மூன்று முறை சறுக்கினான், மூன்று முறையும் அவனே டாக்டரிடம் போய்ச் சொன்னான். முழுக்கத் திருந்திவிட்டானா என்று உறவில் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. கண்ணாடி போட்டிருக்கிறான், எதிரில் வருகிறவர்களைப் பார்த்துப் பேசுகிறான்.

உங்கள் வீட்டுக்கு வேன் வருவதாக இருந்தால், அதற்கு முன் நாலு கேள்வி கேளுங்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு உண்டா, சான்றிதழைக் காட்டுவார்களா? சோதிக்கப் போகும் மனநல மருத்துவர் யார், எப்போது வருவார்? எத்தனையாவது நாளில் நாங்கள் பார்க்கலாம், போனில் பேசலாம்? எங்களை எப்போது உட்கார வைத்துப் பேசுவீர்கள்? ஒன்றுக்குப் பதில் மழுப்பினாலும் கதவைத் திறக்காதீர்கள். லைட்டைப் போடுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசுகிறார்கள், காசு கிடையாது. முடிந்தால் பையனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.